மழை காணாத சாதாளை

சென்ற வாரம் விவசாயப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் சிறிய போத்தல் ஒன்று வாங்கினேன். கடற்பாசி உரமாம். அதை எப்படிப் பாவிப்பது என்று கடைக்காரர் மிகுந்த பொறுமையோடு இருமுறை விளக்கினார். எண்பதைத் தாண்டியவனுக்குச் செவியும் புத்தியும் சேர்ந்தே மங்கியிருக்கும் என்று எண்ணியிருப்பார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். தாழ்வுபாட்டுக் கடற்கரை முழுவதும் என் விறாந்தைக்குள் வந்துவிட்டது. அலை ஒதுக்கிய சாதாளை, அதில் மொய்க்கும் ஈ, பக்கத்தில் காயும் கருவாடு. கூடவே, என்றோ இறந்துபோன சந்தியாப்பிள்ளையும் வந்தார். அவரை நான் அழைக்கவில்லை.

சாதாளை என்பது கடலடியில் வளரும் நீளப் புல். காற்று மாறும்போது அறுபட்டுக் கரையில் குவியும். உப்புக்குளத்து வெறும் மணலில் வீட்டுத்தோட்டம் செய்த எங்களுக்கு அதைப்போல் பசளை வேறில்லை. புரட்டாதி பிறந்துவிட்டால் எனக்குக் கந்தோரில் இருப்புக் கொள்ளாது. வேலியைப் பிரித்து அடைக்க வேண்டும், முருங்கையைத் தறிக்க வேண்டும், முழ ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி அடியில் குளத்துக் களி பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மாரி மழை முழுவதும் மணலுக்குள் ஓடி மறைந்துவிடும். வெள்ளைக் காற்சட்டையோடு கந்தோருக்குப் போகும் எழுதுவினைஞன் ஒருவன், மாலையில் ஆட்டெருவைக் கையால் அள்ளிக்கொண்டிருப்பான். கல்லூரியில் இலத்தீன் படித்த கை அது என்று என் தாயார் வருந்துவார்.

அந்தக் களிமண்ணுக்காகவே எங்கள் வீட்டுத்தோட்டச் சங்கம் ஆண்டுதோறும் கட்டுக்கரைக்குளத்துக்கு லொறியில் போகும். புரட்டாதியில் குளம் வற்றி, படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆண்கள் சாக்குகளில் களி வெட்ட, பெண்கள் மர நிழலில் கணவாய்க்கறியும் சோறும் பிரிப்பார்கள். மண் எடுக்கப் போனோம் என்று சொன்னாலும் உண்மையில் அது எங்கள் திருநாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த ஆண்டுவரை.

முந்திய தையில் நடந்த தோட்டப் போட்டியில் என் பூசணிக்காய் முதற்பரிசு பெற்றிருந்தது. அதற்கு முன்பெல்லாம் அந்தப் பரிசு சந்தியாப்பிள்ளைக்கே போகும். அவர் எங்கள் கந்தோரின் பெரிய கிளாக்கர், சங்கத்தின் தலைவர், கடலே இல்லாத செட்டிகுளத்து வயற்காரக் குடும்பத்தவர். மணலில் அப்படியொரு காய் காய்க்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. லொறி முருங்கன் சந்தியைக் கடந்தது. கடையொன்றின் வாசலில் பூசணிக்காய்கள் குவிந்திருந்தன. முன் ஆசனத்திலிருந்து தலையை வெளியே நீட்டி அவர் சத்தமிட்டார்.

"லொறியைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ! தம்பி இந்த வருசத்துப் பரிசையும் வாங்கிக்கொண்டு வரட்டும்!"

லொறி முழுவதும் சிரித்தது. பெண்கள் சிரித்தார்கள். சாரதி உண்மையாகவே வேகத்தைக் குறைத்தான்.

என் அருகில் காசிம் நானா இருந்தார். உப்புக்குளத்தில் என் வேலிக்கு அடுத்த வளவு அவருடையது. அந்தக் காய் பிஞ்சாக வேலியேறியதிலிருந்து முற்றி இறங்கும்வரை காலைதோறும் அதைத் தட்டிப் பார்த்தவர். அவர் எழுந்தார். "பெரிய கிளாக்கர், நான் ரெண்டு கண்ணாலையும் கண்டனான்..." என்று தொடங்கினார். நான் அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

"இருங்கோ, நானா. வேண்டாம்."

சாட்சி வைத்து நிரூபிக்கும் கீழ்நிலைக்கு என் பெயர் இறங்கக் கூடாது என்று நினைத்தேன். களி ஏற்றித் திரும்புவதற்குள், கடைக்காயைக் காட்டிப் பரிசு வாங்கியவன் என்று எனக்கு 'முருங்கன் பூசணி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கந்தோரில், பேருந்து நிலையத்தில், கோயில் வாசலில்கூட. அன்று நான் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில் இரண்டு கிடங்கு அதிகமாக வெட்டினேன், நல்ல கிடங்குகள்.

அடுத்த கிழமை தாழ்வுபாட்டிலிருந்து இரண்டு வண்டில் சாதாளை இறக்கி, வளவின் மூலையில் குவித்தேன். சந்தியாப்பிள்ளை சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார். இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட முகம்.

"இதுதானோ சங்கதி? என்ன தடிப்புக்குப் போடுறனீர், தம்பி?"

"ஒரு சாண் போடலாம், ஐயா."

"நல்ல பசளையோ?"

"பூசணிக்குத் திறம்."

"அப்ப நானும் இறக்கிறன். முதல் மழைக்கு முன்னம் எல்லாம் மண்ணுக்குள்ளை போயிடோணும். எங்கடை ஊரிலை அதுதான் வழக்கம்."

"உங்கடை ஊர் வழக்கத்தை நான் என்னெண்டு குறை சொல்லுறது, ஐயா?"

நண்பரே, ஒன்றைக் கவனியுங்கள். நான் சொன்னவற்றுள் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் எங்கள் கரையில் சாதாளையை வாங்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மழை கண்டதோ?" குவியலாக வெளியே கிடந்து இரண்டு மழையிலாவது நனைந்து உப்புக் கழன்ற பிறகே அதைப் புதைப்போம். செட்டிகுளத்தவருக்கு அந்தக் கேள்வி தெரியாது. அவர் கேட்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்பே அவர் எல்லாவற்றையும் புதைத்துவிட்டார். வெறும் மணலாக இருந்தால் உப்பு கீழே இறங்கிப் போயிருக்கும். அவரோ கடும் உழைப்பாளி. கிடங்கின் அடியில் களியைத் தடிப்பாகப் பரப்பியிருந்தார். உப்பு அங்கேயே தங்கியது.

காசிம் நானா வேலிக்கு மேலால் கேட்டார். "பெரிய கிளாக்கற்றை சாதாளை மழை கண்டதோ?"

"இல்லை."

"சொன்னியளோ?"

"அவர் கேக்கேல்லை."

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அல்லாவே! கிளாக்கர், நீங்க லேசுப்பட்ட ஆளில்லை!"

மார்கழியில் சங்கத்தார் தோட்டம் தோட்டமாகப் பார்வையிட வந்தார்கள். சந்தியாப்பிள்ளையின் மிளகாயும் கத்தரியும் ஓரம் கருகி நின்றன. பூசணி முளைத்த இடத்திலேயே சுருண்டிருந்தது. வங்காலையிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐயோ, கருவாடு போட்ட மண் மாதிரியெல்லோ கிடக்கு! ஐயா, இது மழை கண்ட சாதாளையோ?"

"மழை காணுறதெண்டால் என்ன?" என்றார் சந்தியாப்பிள்ளை.

லொறியில் எழுந்த அதே சிரிப்பு, அதே ஆட்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் சொல்லேல்லையே, தம்பி."

"நீங்கள் கேக்கேல்லையே, ஐயா."

அந்த நிமிடத்தின் சுவை இன்னும் என் நாவில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் இதை நான் சொன்னதில்லை. பொய் சொல்லாதவனுக்கு அறிக்கையிட என்ன இருக்கிறது? பரலோக மந்திரத்தில் பிறர் பிழையைப் பொறுக்கும் இடம் வரும்போது மட்டும் என் உதடுகள் சற்று நின்றுவிடும். அவர் இறந்த செய்தி வந்தபோதும் நின்றபடியே இருந்தன.

ஆனால் அந்த மார்கழிக்குப் பிறகு அவர் இடமாற்றம் பெற்றுப் போனாரே தவிர, எனக்கு வைத்த பெயர் போகவில்லை. அவருடைய தோட்டம் கருகியதால் என் பூசணி உண்மையாகிவிடுமா? பழி வாங்கினேன், என்மேல் இருந்த பழி அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று விளங்க எனக்கு ஆண்டுகள் பிடித்தன. என்றாவது நானாவைச் சாட்சி பேசச் சொல்லலாம் என்று இருந்தேன்.

பிறகொரு ஐப்பசியில், நாற்றுப் பிடுங்கி நடும் நாட்களில், எங்கள் சிறு தீவின் முஸ்லிம் குடும்பங்கள் அனைத்தும் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டன. நானா வேலியருகே வந்து, "கத்தரிக்குத் தண்ணி மட்டும் ஊத்தி விடுங்கோ, கிளாக்கர்" என்றார். ஊற்றினேன். அவர் வரவில்லை.

போர் ஓய்ந்தபின், விரட்டப்பட்டவர்கள் குடியேறிய புத்தளத்துக்குப் போய் அவருடைய வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். மகன் கதிரை போட்டு இருத்தினார்.

"நீங்கதானா பெரிய கிளாக்கருக்கு உப்பு வச்ச மாமா? வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"என்ரை வேலியிலை பூசணி காய்ச்சதைக் கண்டதெண்டு ஏதும் சொன்னவரோ?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "பூசணியா? அப்படி ஒண்டும் சொல்லல்லையே, மாமா."

சங்கம் இல்லை, லொறி இல்லை, புரட்டாதியில் களி வெட்டப் போவாரும் இல்லை. அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் சேமக்காலை மண்ணுக்குள், மீதிப்பேர் கடல் கடந்து. அந்தக் காய் உப்புக்குளத்து மணலில்தான் காய்த்தது. இதை இன்று நான் எத்தனை தரம் உரத்துச் சொன்னாலும், பொய்யென்று மறுப்பதற்குக்கூட ஊரில் ஓர் ஆள் மிச்சமில்லை.