கருப்பசாமி முன்னால் அணைந்த டர்போ

பழைய கார் யார்டில் வேலைக்குச் சேர்ந்தவனை விட்டு முதலில் போவது தூக்கம், அடுத்தது பொறுமை. எனக்கு இரண்டும் போய்ப் பல வருஷம் ஆகிறது. நல்லதைச் சொல்லித் திட்டு வாங்கும் தொழிலில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

இருட்டினால்தான் வருவார்கள்

எங்கள் யார்டு தேனி பைபாஸில் இருக்கிறது. எனக்கு ராத்திரி வேலை. பொழுது சாய வந்து, வெளியூரிலிருந்து இறங்கும் வண்டிகளைத் திறந்து பார்த்து, கழுவி, காவலும் காத்து, விடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்காமல் படுத்திருக்க வேண்டும். படிப்பு பத்தாவதோடு சரி. இன்ஜின் வேலை, பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்து முழித்துக் கற்றது. குடும்ப வண்டி வாங்குகிறவன் பகலிலேயே பெண்டாட்டி பிள்ளையோடு வருவான். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். சொந்தக்காரன் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்! ஆக, அவர்கள் அத்தனை பேரும் என் தலையில்.

போன கோடையில் இரண்டு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டு யார்டில் நின்றன. வெள்ளி நிறத்தது டர்போ இல்லாதது, தன் மூச்சிலேயே ஓடுவது. சிவப்பு டர்போ வைத்தது. எது நல்லது என்று கேட்டால் எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. ஆண்டிபட்டி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இரண்டையும் மூன்று தடவை சுற்றி வந்தார். டயரை உதைத்தார். கடைசியில் கேட்டார்: "எல்லாம் அம்சமாத்தான் இருக்கு. பின்னாடி நாலு பண்டல் துணி ஏத்தலாமா?"

மூச்சும் புகையும்

அடுத்து வந்தது ஒரு காலேஜ் வாத்தியார். டர்போ என்றால் என்ன என்று அவரே கேட்டார், சந்தோஷமாகச் சொன்னேன். இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அந்தக் காற்றாடி இன்னும் கொஞ்சம் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் இழுவை கூடும், மலையில் முக்காமல் ஏறும். ஆனால் அந்தக் காற்றாடி பழுக்கக் காய்ந்துவிடும், ஆயில் ஓடிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். டர்போ இல்லாத வண்டிக்கு அந்த நோவு இல்லை. மிதிக்கிற அளவுக்கு ஓடும், மேட்டில் மட்டும் கெஞ்சும்.

தரையில் சாக்பீஸால் படம் வேறு போட்டேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, பரமதிருப்தியோடு சொன்னார்: "புகையிலயே ஓடுதுன்னு சொல்லுங்க. அப்பப் பெட்ரோல் செலவே இருக்காது."

கடைசி வளைவுக் கருப்பன்

சிவப்பு வண்டியை எங்களுக்கு விற்றவர் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர். தினமும் மலையேறித் தோட்டத்துக்குப் போய் வந்தவர். போடி மலையில் கடைசி வளைவு தாண்டியதும் ஒரு கருப்பசாமி பீடம் உண்டு. லாரியோ ஜீப்போ, ஏறி வந்ததும் இன்ஜினை அணைத்து, காசு போட்டு, திருநீறு எடுத்து ஸ்டீயரிங்கில் பூசிவிட்டுத்தான் நகருவார்கள். லாரிக்காரர் மெல்ல ஏறி வருகிறவர். இவரோ அடிவாரத்திலிருந்து ஒரே மிதி. டர்போ தீயாய்க் காய்ந்திருக்கும் நேரம் பார்த்து, பக்தியோடு சாவியைத் திருப்புவார். ஓடாமல் நின்றுபோன ஆயில் காற்றாடிக்குள்ளேயே கருகிக் கரியாகும். தினமும் நடந்தது இது. வண்டி எங்களிடம் வந்தபோது டர்போ விசிலடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டிருக்கலாமே" என்றேன். எரிச்சலை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன். அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "நீ வேதக்காரன், உனக்கென்ன தெரியும்? இன்ஜின் உறுமிக்கிட்டே நின்னா, நம்ம சண்டைக்கு வந்திருக்கோம்னு கருப்பன் நெனைச்சிர மாட்டான்?"

முதலாளி வைத்த கெடு

அந்த விசில் போகப் போக அலறலாகும், பிறகு டர்போ செத்துப்போகும். மாற்றிவிட்டு விற்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் மெழுகு போட்டுத் துடைக்கச் சொன்னார். ஓட்டிக் காட்டும்போது பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னார். வீரபாண்டித் திருவிழாவுக்குள் சிவப்பு வண்டி யார்டை விட்டுப் போகவில்லை என்றால் நான் போய்விட வேண்டும் என்றும் சொன்னார்.

என் வயதில் வேறு எந்த யார்டில் போய் நிற்பது? எனக்கு ராத்திரி முழித்திருக்க மட்டும்தான் தெரியும் என்பதுதான் ஊரின் அபிப்பிராயம். ஆத்திரத்தையெல்லாம் துணியில் காட்டி அந்தச் சிவப்பைத் துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆயிற்று. விசில் விஷயத்தை வாங்குகிறவரிடம் சொல்லிவிடலாமே என்று கடைசியாக ஒரு தடவை கேட்டதற்கு முதலாளியின் பதில்: "ஏலே, விசிலடிச்சா என்ன? பயலுக அந்த விசிலுக்குத்தானடா வண்டி வாங்குறானுக!"

ஓடைப்பட்டித் தம்பதி

திராட்சை விவசாயி செல்லமுத்து பயல் இல்லை. பேரன் எடுத்தவர். மனைவி பொன்னுத்தாயைக் கூட்டிக்கொண்டு, விளக்கு வைக்கும் முன்பே ஒளியாமல் மறையாமல் வந்த ஒரே ஸ்போர்ட்ஸ் கார் ஆள் அவர்தான். எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். மகளைப் போடி மலைக்கு மேலே பூப்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறாராம், மாதத்துக்கு நாலு தடவை மலையேற வேண்டுமாம். முறைப்படி பார்த்தால் அவருக்கு ஏற்றது டர்போதான். சிவப்பில் உட்கார்ந்தவர் இறங்கவே மனமில்லாமல் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். முதலாளி ஆபீஸ் வாசலிலிருந்து எனக்குக் கண் காட்டினார்.

நான் பாட்டை நிறுத்திவிட்டு இன்ஜினை உறும விட்டேன். "அண்ணே, இந்த விசிலைக் கேளுங்க. டர்போ போகப் போகுது. மாத்தாம வாங்காதீக. மாத்தினாலும் கருப்பசாமிகிட்ட ஒரு நிமிஷம் அணைக்காம நிக்கணும், முடியுமா?" என்றேன். செல்லமுத்து மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா வெள்ளி வண்டியின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாக: "மெதுவா ஏறினா மக என்ன ஓடியா போயிருவா? ஒரு காரை வாங்கிட்டுச் சாமிகூட என்னால வழக்குப் பேச முடியாது."

வெள்ளி போயிற்று, சிவப்பு நின்றது. முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், திருவிழாவரைக்கும் இருந்துவிட்டுச் சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மலையிலிருந்து ஒரு போன்

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை. சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த என் இரண்டு சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். மேலே எஸ்டேட்காரர் ஒருவருக்குக் காட்டுவதாக முதலாளியே சிவப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார். போன் அடித்தது. வண்டி கிளம்பவில்லையாம்.

"எங்கன நிக்கிறீக?"

"கருப்பசாமிகிட்ட."

மேலே கேட்க ஒன்றுமில்லை. யார்டு ஜீப்பில் கயிறு போட்டுக்கொண்டு போனேன். சிவப்பு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. கருகின ஆயில் நாற்றம் வளைவுவரை வந்தது. முதலாளி பீடத்துப் படியில் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். ஒரே மிதியில் ஏறி வந்து, அணைத்து, கும்பிட்டு, மறுபடி கிளப்பியிருக்கிறார். ஒரு அலறல், நீலப் புகை, அவ்வளவுதான். நான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளி வண்டி முதல் கியரில் முக்கிக்கொண்டு எங்களைக் கடந்தது. பொன்னுத்தாயம்மா கையாட்டினாக.

தப்பு என் மேல்தான், நீ சொன்னதைக் கேட்டிருக்கணும் என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். உங்களுக்கும் அப்படி ஒரு ஆசை எப்போதாவது இருந்திருக்கும். முதலாளி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பயத்தோடு என் வாயையே பார்த்துச் சொன்னார்: "நல்லா ஓடுன வண்டி, நீ சொன்ன வாக்கு பலிச்சிருச்சு பாத்தியா? ஒனக்குக் கருநாக்குப்பா. வெளிய விட்டா என் யாவாரமே படுத்துரும், பேசாம யார்டுலயே கெட."

இத்தனை வருஷம் இன்ஜினைப் பிரித்துப் பிரித்துக் கற்ற வித்தை காப்பாற்றாத வேலையை, இல்லாத கருநாக்கு காப்பாற்றிக் கொடுத்துவிட்டது.