எந்த வாசல்?

பொம்மிடியில் ரயிலேறி, நானும் என் கணவரும் இரண்டு நாள் நிம்மதியாக நடந்து சுற்றிப் பார்க்கத் தரங்கம்பாடி போனோம். முதல் நாள் காலையில், "கேமராவுக்கு பிலிம் ரோல் வாங்கியாரேன், நீ வாசல்ல நில்லு" என்று சொல்லிக் கடைத்தெருவுக்குப் போனார். நான் கடலோரக் கோட்டை வாசலில் நின்றேன். உச்சிவெயில் ஆகியும் ஆளைக் காணோம்.

எரிச்சலும் பயமுமாகத் தேடிப் போனால், படகுகள் நிற்கும் கரையில் மீனவர்களிடம், "பச்சைச் சேலை கட்டின பொம்பளையப் பாத்தீங்களா? அலை கிலை இழுத்திருச்சா?" என்று அழுதுகொண்டிருந்தார். அவர் அதுவரை ஊர் நுழைவு வாசலில் காத்திருந்தாராம்!

"ஏங்க, எந்த வாசல்னு சொல்ல மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன்.

"நீயும் கேக்கலியே" என்றார்.

அந்தக் கோபத்தோடே அறைக்குத் திரும்பினோம். மறுநாள் காலையிலேயே ஊர் திரும்பிவிட்டோம். கோட்டைக்குள் கால்கூட வைக்கவில்லை.

இப்போதெல்லாம் சந்தைக்குப் போனாலும், எந்த இடம், எத்தனை மணி என்று அவரைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகே நகர விடுகிறேன்.