கோச் கீத் ஊருக்குப் போனார்

சாக்கர் டீம் மேனேஜர் என்பது சம்பளமும் கிடையாது, ராஜினாமாவும் செய்ய முடியாது என்கிற உத்தியோகம். மடக்கு நாற்காலி, குடை, தண்ணீர் கேன் சகிதம் சனிக்கிழமைகளைப் புல்தரையில் தொலைத்த பெற்றோர்களே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், என் பையன் ஆதில் விளையாடும் டீமுக்கு நான்தான் மேனேஜர். கோச், கீத் என்கிற இங்கிலாந்துக்காரர். ஒரு காலத்தில் காசு வாங்கிக்கொண்டு பந்து உதைத்தவர், இப்போது எங்கள் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பேசுவது இங்கிலீஷ்தான். என் வாயில் வரும்போது தமிழாகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்த விதம்

முதல் மீட்டிங்கில் "யார் மேனேஜரா இருக்கீங்க?" என்று கீத் கேட்டதும் அத்தனை பெற்றோருக்கும் போனில் ஒரே சமயத்தில் அவசர வேலை வந்துவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "அந்த இடதுகால் பையனை எதுக்கு வலது பக்கம் நிறுத்துறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். கீத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். ஃபுட்பால் எங்கே கற்றீர்கள் என்றார்.

காயல்பட்டினம் என்றேன். எங்கள் ஊரில் கிரிக்கெட்டெல்லாம் இரண்டாம்பட்சம். மே மாத டோர்னமென்ட் வந்துவிட்டால் அண்ணன்மார், எங்கள் பேச்சில் காக்காமார், சோற்றுக்குக்கூட வீடு திரும்ப மாட்டார்கள். பெண்பிள்ளைகள் மைதானத்துக்குப் போகிற வழக்கமில்லை. மைக்கில் வருகிற வர்ணனையை ஜன்னலோரம் நின்று கேட்டே யார் எந்தக் காலால் அடிப்பார் என்பது எனக்கு அத்துப்படி. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

"பார்க்காமலே கத்துக்கிட்டீங்களா? நான் உள்ளே நின்னு ஆடியே பாதிதான் கத்துக்கிட்டேன். நீங்கதான் மேனேஜர்."

இடி இடித்தால் காருக்குள்

இந்த நாட்டில் ஓர் இடி கேட்டால் போதும், ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆளாளுக்குக் காருக்குள் போய் உட்கார வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் இடியே இடிக்கக் கூடாது. இருபத்தொன்பதாவது நிமிடத்தில் இடிக்கும் பாருங்கள், அது நமக்கென்றே இடிப்பது. அப்படி ஒரு நாள் எங்கள் வேனில் கீத்தும் செந்திலும் ஏறிக்கொண்டார்கள். செந்தில் ஈரோட்டுக்காரர், பார்சிப்பனியில் வேலை, எங்கள் ஸ்ட்ரைக்கர் நிகிலுடைய அப்பா. அறிமுகமானவரிடம் முழு ரெசுமேயையும் கேட்டு வாங்காமல் விடமாட்டார்.

கீத் சொன்னார். வடக்கு இங்கிலாந்தில் ஓயாமல் மழை பெய்கிற ஒரு சின்ன ஊர். அந்த ஊர் கிளப்பில்தான் பந்தைத் தொட்டது. பத்தொன்பது வயதில் "நீ தேற மாட்டாய்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு சீசன் ஆடிவிட்டு வரலாம் என்று ஸ்வீடன் போனார். அங்கிருந்து ஹாங்காங், அப்புறம் ஆஸ்திரேலியா. முட்டி போனதும் கோச்சாக அமெரிக்கா. கல்யாணம் ஆகி, முறிந்து, தலையும் நரைத்துவிட்டது. இடையில் ஒரு தடவைகூடவா திரும்பிப் போகத் தோன்றவில்லை என்று செந்தில் கேட்டார். தோன்றாத நாளே இல்லை, ஆனால் வேலை இல்லாமல் போய் நிற்கப் பிடிக்கவில்லை என்றார் கீத். செந்தில் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"ஏனுங்க ஃபாத்திமா, நாமளும் இதைத்தானுங்க சொல்லிட்டிருக்கோம்? ப்ராஜெக்ட் முடியட்டும், க்ரீன் கார்டு வரட்டும், பையன் காலேஜ் போகட்டும்னு."

ரகசியத் தமிழ்

ஆட்டம் நடக்கும்போது பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது என்பது கீத்தின் சட்டம். கைதட்டலாம், அவ்வளவுதான். எங்கள் டிஃபெண்டரின் அம்மா ராதா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "இங்கிலீஷ்ல கத்தினாத்தானே கோச்சுக்குப் புரியும்? தமிழ்ல சொல்லுங்களேன்!" அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரே தமிழ் முழக்கம். "டேய், அந்த நெட்டையனை விடாத!" "பின்னாடி ஆளில்ல, அங்க தட்டு!" பையன்கள் பதிலுக்குத் தமிழ் பேச மாட்டார்களே தவிர நன்றாகப் புரியும். இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். கீத் தலையைச் சொறிந்தார்.

மூன்றாவது ஆட்டம் எடிசன் டீமோடு. செந்தில் எந்தப் பக்கம் போகச் சொல்லிக் கத்தினாலும் நிகிலுக்கு முன்னால் அங்கே ஒரு பையன் வந்து நின்றான். வாங்கிய கோல்களைச் சொன்னால் எனக்கு வெட்கம். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் எங்கள் நாற்காலிகளைத் தாண்டிப் போனவன், நின்று, மரியாதையாகச் செந்திலுக்குக் கைகொடுத்தான்.

"தேங்க்யூ அங்கிள், யூ வேர் வெரி ஹெல்ப்ஃபுல். ஐ கோ டு தமிழ் ஸ்கூல் எவ்ரி சண்டே."

பத்து மணி ஆட்டம் வேண்டாம்

எந்த மைதானம், எத்தனை மணி என்று எதிர் டீமோடு பேசி முடிவு செய்வது மேனேஜர் வேலை. கீத் எதற்கும் ஒத்துக்கொள்வார், சனிக்கிழமை காலை பத்து மணி ஆட்டத்துக்கு மட்டும் மாட்டார். சோம்பேறித்தனம் என்று ராதா சொன்னாள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணி ஆட்டத்துக்கு நான் சீக்கிரமே போய்விட்டேன். பார்க்கிங் லாட்டில் அவர் காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு என்னவோ என்று பயந்து கண்ணாடியைத் தட்டினேன். கதவைத் திறந்தார். உள்ளே போனிலிருந்து ஓர் இரைச்சல், நடுவில் ஒருவர் மூச்சுவிடாமல் வர்ணனை. இங்கே பத்து மணி என்றால் அங்கே மதியம் மூன்று, அவர் ஊர் கிளப் ஆடுகிற நேரம். வீடியோவாகவே பார்க்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். பெயர் தெரியாத ஆட்கள், பார்க்காத ஊர். ஆனால் கூட்டம் 'ஓ' என்று எழும்பியபோது நான் எங்கள் வீட்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன். எங்கள் உம்மாவை உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும் போலிருந்தது.

"யாரு ஜெயிக்கிறாங்கங்கிறது எனக்கு முக்கியமில்ல ஃபாத்திமா. இந்தச் சத்தத்துக்குள்ள நான் இல்லையேங்கிறதுதான்."

பார்க்கிங் லாட்டில் இன்டர்வியூ

பனி விட்ட சமயத்தில் அந்த கிளப்பிலிருந்தே ஈமெயில் வந்தது. சிறுவர் பிரிவுக்குக் கோச் தேவை, நேரில் வாருங்கள் என்று. கீத் அதை முதலில் என்னிடம்தான் காட்டினார். வெளியே அனுப்பிய அதே கேட் வழியாக உள்ளே போக வேண்டும், அது ஒன்றுதான் இத்தனை வருஷமாக அவர் கேட்டது. "அய்யோ, அப்ப ஸ்பிரிங் சீசன்?" என்று ராதா ஆரம்பித்தாள். நான் முறைத்த முறைப்பில் அடங்கினாள்.

ஆனால் இன்டர்வியூ என்ற வார்த்தை காதில் விழுந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஆபீசில் வாரத்துக்கு நாலு பேரை இன்டர்வியூ பண்ணுகிறவர் செந்தில். பிராக்டிஸ் முடிந்ததும் பார்க்கிங் லாட்டிலேயே ஒத்திகையாக ஒரு மாக் இன்டர்வியூ வைத்துவிட்டார். கீத் பந்து மூட்டை மேல் அடக்கமாக உட்கார்ந்தார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் பலவீனம் என்ன, எல்லாம் ஆயிற்று. அடுத்து அந்த உலகப் புகழ் பெற்ற கேள்வி, ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்? தலைமைப் பொறுப்பு, வளர்ச்சி என்று பதில் சொல்ல வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. செந்தில் திருத்தவும் இல்லை.

"ஊர்லதான், செந்தில். வேற எங்க?"

போய் வந்தவர்

நூவர்க் ஏர்போர்ட்டில் நானும் என் வீட்டுக்காரர் நசீரும்தான் கொண்டுபோய் விட்டோம். வழியெல்லாம் அவர் அந்த ஊர்த் தெருக்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டேன். எங்களில் ஒருவருக்காவது ஊர் திரும்பக் கிடைக்கட்டுமே என்றிருந்தது.

அடுத்த வாரம் பிராக்டிஸுக்கு வந்துவிட்டார். பயிற்சிக்கு வைக்கும் ஆரஞ்சுக் கோன்களை அடுக்கினார். நானும் கூடவே அடுக்கினேன். கடைசிக் கோனை வைத்துவிட்டு அவராகச் சொன்னார். டீக்கடையில் ஒரு பெண், லீவுக்கு வந்தீர்களா, எப்போது திரும்புகிறீர்கள் என்றாளாம். இதே தெருவில் பிறந்தவன் என்றதற்கு, அப்படியா, பேச்சில் தெரியவில்லையே என்றாளாம். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? 'எப்ப வந்தீங்க'வும் 'எப்பப் போறீங்க'வும் ஒரே மூச்சில் கேட்கிற ஊர்கள்தானே நமக்கும் வாய்த்திருக்கின்றன. கிளப்பில் நல்ல மரியாதையாம். டீ கொடுத்தார்கள், சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்கள். கடைசியில், பையன்களுக்கு உள்ளூர் ஆளாக ஒருவர் இருந்தால்தான் சரிப்படும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது கீத் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க முடியாமல் அழுகை வந்து, விசிலைத் தேடுவது போலப் பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

"எங்க ஊர் மழை உங்களுக்கு ஒத்துக்குமான்னு என்கிட்டயே கேட்டாங்க, ஃபாத்திமா."

டீம் மேனேஜராக இருந்து நான் தெரிந்துகொண்டதெல்லாம் இவ்வளவுதான்: ஊருக்குப் போகிறவரை ஏர்போர்ட் வரை கொண்டுபோய் விட எப்படியும் ஆள் கிடைத்துவிடுகிறது, போய் இறங்கியவரைப் பார்த்து நம்ம ஊர் ஆள் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.