இந்த இடத்தில் தை மாதம் என்ன நடக்கும்?

மொழிபெயர்ப்பாளனுக்கு இரண்டு பக்கமிருந்தும் திட்டு விழும். தனக்கு விழுந்ததை மட்டும் மொழிபெயர்க்காமல் விடலாம் என்பதுதான் அந்த வேலையில் உள்ள ஒரே சலுகை. எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அந்த வேலை பார்த்தேன். இதே பிழைப்பு பிழைத்தவர்கள் நான் செய்த தப்பை மன்னிப்பார்கள்.

பாவப்பட்ட பெண்

டென்மார்க்கிலிருந்து ஆறு மாதம் மரம் நட வந்தவள் ஆன்னா. இருபது வயது. இந்த ஊர்க்காரர்களுக்கு என்னென்ன இல்லை என்று எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வைத்திருந்தாள். விழுப்புரத்தில் பஸ் மாறி, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம்.

பக்கத்து சீட்டு அம்மாள் விசாரணையைத் தொடங்கினார். கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, அம்மா வேறு ஊரில், தனி அறையில் தானே சமைத்துச் சாப்பிடுகிறாள். ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் மடியிலிருந்த வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஆன்னாவின் கையில் கொட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: “யாரும் இல்லாத பொண்ணு போலக்குது. நீயாவது கூட இருந்து பாத்துக்கோ சார்.”

காலி இடம்

ஊர் ஓரத்தில் காலி இடம் ஒன்றைக் கண்டதும் ஆன்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. சமமான தரை, புல்கூட இல்லை. நாற்பது கன்றுகளை அங்கே வரிசையாக நட வேண்டும், வளர்ந்ததும் படமெடுத்துத் தன் நாட்டுக்கு அனுப்ப வேண்டும். அவளை இங்கே அனுப்பியவர்கள் கேட்டது அந்த ஒரு படத்தைத்தான்.

நாட்டாமைக்காரரிடம் கேட்டேன். தரையைக் காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். “தாராளமா நடட்டும்” என்றார். மொழிபெயர்த்தேன். ஆன்னா கைகூப்பினாள். அவள் நகர்ந்த பிறகு அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை: “விருந்தாளி ஆசப்பட்டுக் கேக்கறப்ப வேணாம்னா சொல்லுவாங்க? தை மாசம் வரட்டும், பாத்துக்கலாம் சார்.”

வரிசை காணோம்

ஐப்பசி மழையில் நட்டோம். மூன்று மாதம் ஆன்னா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். நாற்பதும் பிழைத்தன. பொங்கலுக்குத் திண்டிவனம் வந்துவிட்டு, கேமராவும் கையுமாகத் திரும்பினோம்.

ஒரு கன்றுகூட இல்லை. தரை முழுக்கச் சாணம் மெழுகி, நெற்கட்டுகளைக் குவித்து, ஊரே போரடித்துக்கொண்டிருந்தது. அது ஊரின் நெற்களம். ஆன்னா பையின் மேலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள். நாட்டாமைக்காரர் சொன்னதை அப்போதுதான் சொன்னேன். “மூன்று மாதமாகவா உங்களுக்குத் தெரியும்?” என்றாள். நான் பஸ் நேரத்தை மட்டும் சொன்னேன்.

கதிர் அடித்துக்கொண்டிருந்த முனியம்மா கையை உதறிக்கொண்டு வந்தார். “இன்னாத்துக்குமா அழுவுற? உன் கன்னு எங்க வூட்டுப் பின்னால குளிச்ச தண்ணி குடிச்சிக்கினு ஜோரா கீது. வா காட்டறேன்.”

தெருத்தெருவாகப் போனோம். வீட்டுக்கு ஒன்று, வேர் மண் கலையாமல் பெயர்த்து வைத்து, சுற்றி முள் கட்டியிருந்தார்கள். ஒரு வீட்டில் பொங்கலுக்குக் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். ஆன்னா அழுகையும் சிரிப்புமாக, ஒவ்வொரு கன்றையும் அந்த வீட்டாரோடு நிறுத்திப் படமெடுத்தாள். முப்பத்தொன்பது படம். கடைசி வீடு நாட்டாமைக்காரருடையது. வெறும் முள்வேலியைக் காட்டி அவர் தலையைச் சொறிந்தார்: “இது எங்க ஆடு தின்னுடுச்சிம்மா. ஊருக்கே புத்தி சொல்றேன், அது மட்டும் கேக்க மாட்டுது.”

மாசியில்

அடுத்த மழைக்குக் குழி தோண்ட மேல்மலையனூர்ப் பக்கம் இடம் தேடினோம். அங்கும் ஒரு வெறுந்தரை. அங்கும் ஒரு பெரியவர் “தாராளமா” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆன்னா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: “இந்த எடம் எந்த மாசம் உங்களுக்கு வேணும்?”

பெரியவர் முகம் மலர்ந்தது. “அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்கு வர்ற வண்டிங்கள இங்கதாம்மா அவுத்து வுடுவாங்க. ஏரிக்கரை சும்மாதான் கீது, அங்க நடு.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தப் பொண்ணே தமிழ்ல கேக்குது. நீ இன்னாத்துக்கு சார் கூட வர்றே?”

உலகத்தைத் தெரிந்துகொள்ள ஆன்னா விமானம் ஏறி வர வேண்டியிருந்தது. எனக்கு விழுப்புரத்தில் பஸ் மாறியதே போதுமாக இருந்தது.