தொண்ணூறு விநாடி

கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, சொன்னது சொன்னபடி தட்டச்சு செய்து கொடுப்பது எங்கள் லண்டன் அலுவலகத்தின் தொழில். அதில் தவமலரை அடிக்க ஆளில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மகள் கம்சிகாவோடு பிளேஸ்டோவில் இருந்தார். அவருக்கு மேற்பார்வையாளன் என்று எனக்குச் சம்பளம் கொடுப்பதே வீண் என்று எல்லாரும் கிண்டலடிப்பார்கள்.

2006இல் ஒரு கமிட்டியின் பதிவு வந்தது. நட்பு நாடொன்றின் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கலாமா என்று விவாதம். கொடுக்கலாம் என்ற நிபுணர் சொன்னார்: “தொண்ணூறு விநாடி முன்னால் எச்சரித்தால் போதும், ஒரு குடும்பம் பதுங்குகுழிக்குள் போய்விடும்.” தவமலர் கொடுத்த பிரதியில் அந்த வாக்கியம் மட்டும் இல்லை. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் இல்லை. மூன்றாம் முறையும் இல்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நேரே போய் நின்றேன்.

“வேணும்னே விடுறீங்களா? மேல தெரிஞ்சா உங்க வேலையே போயிடும்.”

“இல்லை லெட்சுமணன் அண்ணை. அந்த இடம் வந்தால் விரல் ஓடுதில்லை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் குண்டு விழுந்து அவருடைய ஏழு வயது மகன் ரதீசன் செத்துப்போனது எனக்குத் தெரியும். கத்தியதற்கு வெட்கப்பட்டேன்.

“விடுங்க. ரூமுக்குள்ள உட்கார்ந்து பேசுறவனுக்கு என்ன தெரியும்? தொண்ணூறு விநாடி எப்படிப் போதும்? நானே அடிச்சு நானே கையெழுத்துப் போடுறேன்.”

“அந்தாள் சொன்னது சரி அண்ணை,” என்றார். “பொம்மர் ஒரு சுற்றுச் சுற்றிப்போட்டுத்தான் குண்டு போடும். நான் மகளோடை பங்கருக்குள்ளை போயிட்டன். அவன் கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிண்டவன், ஈரத்தோடை ஓடி பங்கர் வாசலுக்கு வந்திட்டான். சளி பிடிக்கும், தலையைத் துடைச்சுப்போட்டு வா எண்டு நான்தான் திருப்பி அனுப்பினனான். பதினாறு வருசமா எண்ணிப் பாக்கிறன். ஒவ்வொரு தரமும் நேரம் போதுமாத்தான் கிடக்கு.”

அவர் பதிவை மறுபடி ஓடவிட்டார். அந்த வாக்கியத்தை முழுதாக அடித்தார். பிரதி சரி என்று உறுதி சொல்லும் வரிக்குக் கீழே தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.