சைரன் கத்தாத மூன்று நாட்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சேவியர் அண்ணன் போன் செய்தது பிரிண்டருக்காகத்தான். மண்டைக்காடு பக்கம் கடலோரத்தில் ஓர் ஐஸ் பிளான்ட்டில் அவர் சூப்பர்வைசர். நான் நாகர்கோவிலில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் சீனியர் புரோகிராமர். அந்த பிளான்ட்டில் அமோனியா கசிவைக் கவனிக்க நாலு சென்சார் உண்டு. அளவு கூடினால் சைரனை அலறவைக்கும் புரோகிராம் நான் எழுதியது.

“புது கம்ப்யூட்டர்ல ஐஸ் டோக்கன் பிரிண்ட் ஆவ மாட்டேங்குது மக்கா.”

பழைய கம்ப்யூட்டர் சனிக்கிழமை செத்துப்போக, நான் அனுப்பிய லிங்கிலிருந்து அவரே எல்லாவற்றையும் புதியதில் போட்டிருந்தார். பிரிண்டருக்கு வழி சொன்னேன். போனை வைக்கும் முன் சந்தோஷமாகச் சொன்னார்: “புதுசுல போட்டதுக்குப் பொறவு ஒரு தொல்லையும் இல்ல. பழசுல சைரன் தெனமும் சும்மா சும்மா கத்தும். இப்ப மூணு நாளா சத்தமே கெடையாது.”

வைக்கப்போன போனை மறுபடி காதில் அழுத்தினேன்.

“அண்ணே, ஸ்கிரீன்ல சென்சாருக்கு ஒண்ணா நாலு கட்டம் பச்சையா தெரியுதா?”

“கிளிக் பண்ணினா ஒண்ணும் வரல்ல. உள்ள ஓடிட்டு கெடக்கும்னு விட்டுட்டேன். செட்டப் முடிஞ்சுதுன்னுதானே சொல்லிச்சு?”

அந்த புரோகிராம் தனியாக ஓடாது. ரன்டைம் என்கிற இன்னொரு சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் ஓடும். கடலோரத்தில் நெட் மெதுவு, புரோகிராமைப் போடும் செட்டப் ஃபைல் சின்னதாக இருந்தால்தான் இறங்கும் என்று ரன்டைமை அதில் சேர்க்காமல் விட்டவள் நான். ரன்டைம் இல்லாத கம்ப்யூட்டரில் செட்டப்பே அதை நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தேன். எடுக்க முடியாமல் போனால்? அதற்கு ஒன்றும் எழுதவில்லை. அடுத்த படிக்குப் போய், கடைசியில் ‘இன்ஸ்டால் முடிந்தது’ என்று காட்டிவிடும். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் ரன்டைம் இருந்ததால் இது என் கண்ணில் படவே இல்லை.

“கம்ப்ரசர் ரூம்ல இப்ப யாராவது இருக்காங்களா?”

“ரெண்டு மெக்கானிக். வால்வுல வேல நடக்கு. ஆறு பொம்பளைங்க ஐஸ் உடைச்சிட்டு நிக்காவ. ஏன்?”

“எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க. இப்பவே.”

“என்ன மக்கா சொல்லுத? கடலுக்குப் போவ மூணு போட்டு ஐஸுக்குக் காத்துக் கெடக்கு.”

“அண்ணே, சைரன் வேலையே செய்யல. கேஸ் கசிஞ்சாலும் கத்தாது. தப்பு என்னோடது. கெஞ்சிக் கேக்கேன்.”

தூரத்தில் அவர் குரல் கேட்டது: “ஏலே, எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாங்கலே!” லைன் அறுந்தது.

முழு ரன்டைமையும் பென்டிரைவில் இறக்கினேன். பாதியில் நின்று நின்று இறங்கிய அந்தப் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது பையில் போன் மூன்று முறை அடித்தது. நிறுத்தி எடுக்கத் தைரியம் வரவில்லை.

பிளான்ட் கேட்டில் எல்லோரும் வெயிலில் நின்றிருந்தார்கள். ஒரு போட்டுக்காரர் என்மேல் பாய்ந்தார்: “கடலுக்குப் போவ நேரமாச்சு. நீ வந்து பதில் சொல்லுவியா?”

ஆபீஸ் ரூம் கேட்டை ஒட்டியே இருந்தது. பென்டிரைவைச் சொருகினேன். ரன்டைமைப் போட்டு புரோகிராமைத் திறந்தேன். நாலு கட்டம் வந்தது. மூன்று பச்சை. கம்ப்ரசர் ரூம் சிவப்பு. சைரன் அலறியது.

வெளியே சத்தம் போட்டவர்கள் கேட்டை விட்டுப் பின்வாங்கினார்கள். மெக்கானிக் மரியதாசன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: “காலையில இருந்தே மூக்கு எரிஞ்சிச்சு. இங்க எப்பவும் உள்ள மணந்தானேன்னு விட்டேன்.”

சேவியர் அண்ணனும் இன்னொரு மெக்கானிக்கும் மாஸ்க் போட்டுப் போய் லைனை அடைத்தார்கள். வால்வில் கசிவு. சிவப்பு பச்சையாக ஒரு மணி நேரம் ஆயிற்று. மரியதாசனைப் பரிசோதித்த டாக்டர், கண்ணுக்குச் சொட்டு மருந்து போதும் என்றார். ஐஸ் உடைக்கும் பெண்களில் ஒருத்தி மரியதாசனின் மனைவி. என்னிடம் நேராகக் கேட்டாள்: “அப்போ மூணு நாளா இவரு எந்தக் காவலும் இல்லாமலா உள்ள நின்னாரு?”

“ஆமா” என்றேன்.

அதே செட்டப் இன்னும் ஐந்து இடத்துக்குப் போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகப் போன் செய்தேன். ஒரு மீன் கோல்டு ஸ்டோரேஜில் இதே கதை. கிளிக் செய்தால் ஒன்றும் வரவில்லை என்றார்கள். ஆட்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பென்டிரைவோடு நேரே அங்கே போனேன்.

மறுநாள் ரன்டைமைச் செட்டப்புக்குள்ளேயே வைத்தேன். அளவு எட்டு மடங்கு ஆனது. முதலாளி முகம் சுளித்தார்: “இவ்வளவு பெருசா? லிங்க் அனுப்பினா அங்க இறங்காதே.”

“லிங்க் வேண்டாம் சார். நாமளே நேர்ல போவோம்.”

இப்போது செட்டப்பின் கடைசிப் படியில் சைரன் ஒரு முறை கத்தும். அங்கே நிற்கிறவர் ‘கேட்டது’ என்று அழுத்தினால்தான் முடிந்தது என்று காட்டும். எதையும் வெளியே கொடுக்கும் முன், ஒன்றுமே போடாத கம்ப்யூட்டரில், நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்க்கிறோம்.

நம் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். ‘இன்ஸ்டால் முடிந்தது’ என்று திரை காட்டுவது நாமே எழுதிவைத்த வாக்கியம். அதைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.