பிழை காட்டாத கணக்கு

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருந்தது: ‘எளிதாக’. முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடும். எளிதாக எழுதலாம், எளிதாக இயக்கலாம், எளிதாகப் பிழை திருத்தலாம். ஆசிரியர் இல்லாமல் தானாகவே கணினிமொழி படிப்பதற்கான புத்தகம் அது. உயர்தரப் பரீட்சை முடித்து வீட்டில் இருந்த காலத்தில், கல்முனை பசாரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். எழுதிய மனுசன் எதிரில் வந்திருந்தால் நல்ல வார்த்தை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கூடினால் திரையில் சிவப்பு எழுத்து. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் சிவப்பு எழுத்து. அது சுட்டிக்காட்டும் வரியில் பிழையே இருக்காது, அதற்கு முந்திய வரியில் இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தச் சிவப்போடு மல்லுக்கட்டினேன். கீபோர்டை மேசையில் அடித்து அழுத நாட்களும் உண்டு.

அதே காலத்தில் அடுத்த அறையில் என் மூத்த சகோதரி, ராத்தா, இத்தா இருந்தாள். மாவடிப்பள்ளியில் வயல் செய்துகொண்டிருந்த மச்சான் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வெளியில் இறங்காமல் இருக்க வேண்டும், அதுதான் இத்தா. ராத்தாவின் மடியில் இரண்டு வயது மகள். கையில் இருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்று: அரச காரியாலய வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் மச்சான் இருக்கும்போதே சித்தியடைந்திருந்தாள். வெள்ளைச் சேலையோடு என் கதவில் சாய்ந்து, “இண்டைக்கும் சிவப்பா புள்ள?” என்று கேட்பாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அந்தக் கேள்விக்கு மட்டும்தான்.

நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. அம்பாறையில், வியாழக்கிழமை காலை.

“அதுக்குள்ள இத்தா முடியுதா எண்டு உன்ட கம்பியூட்டர்ல பார்த்துச் சொல்லு,” என்றாள்.

புத்தகத்தில், சஞ்சிகைச் சந்தா முடியும் திகதியைக் கண்டுபிடிக்கும் பயிற்சியில் நான் அப்போதுதான் நின்றேன். சந்தா தொடங்கிய நாளை எடுத்துவிட்டு, மச்சான் மௌத்தான நாளைப் போட்டேன். நான்கு மாதம், பத்து நாள். இயக்கினேன். சிவப்பு வரவே இல்லை! முதன்முதலாக நானே மாற்றி எழுதிய ஒன்று முதல் தடவையிலேயே ஓடியது. நேர்முகத்துக்கு இரண்டு நாள் பிந்திய சனிக்கிழமை என்று காட்டியது.

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா எட்டிப் பார்த்தார். “பிறைக் கணக்கிலயா புள்ள பார்த்த?”

“கம்பியூட்டர் பிழைக்காது உம்மா. நீங்க சும்மா இரிங்க.”

படித்த பிள்ளை சொல்கிறாள் என்று உம்மா சும்மா இருந்துவிட்டார். வியாழக்கிழமை ராத்தா அம்பாறைக்குப் போகவில்லை, நாள் முழுவதும் மகளின் சட்டைகளைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் தொழுவிக்கும் ஹஸ்ரத் உம்மாவின் ஃபோனுக்குக் கோல் எடுத்தார். “இத்தா புதன்கிழமையே முடிஞ்சிட்டே. இன்னும் புள்ளய உள்ளுக்கயா வச்சிருக்கிறீங்க?” மச்சான் மௌத்தானது பிறை ஒன்றில். அங்கிருந்து நான்கு பிறை மாதமும் பத்து நாளும். பிறை மாதம் இருபத்தொன்பதிலோ முப்பதிலோ முடியும். நான் கூட்டியதோ சுவர்க் கலண்டரின் மாதங்களை. நோன்பையும் பெருநாளையும் பிறை பார்த்தே பிடிக்கிற வீட்டில் பிறந்தவள், மூன்று நாளைக் கூட்டிவிட்டேன்.

ராத்தா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள். திறந்திருந்த புத்தகத்தை வெகுநேரம் பார்த்தாள். “இதுல, உம்மாட்டயும் ஒருக்காக் கேளுங்க எண்டு எழுதல்லியா?” என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

இப்போது மென்பொருள் எழுதுவதுதான் என் தொழில். சிவப்பு எழுத்து வந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. எங்கோ பிழை இருக்கிறது என்று அதுவாவது சொல்கிறதே. ஒன்றும் சொல்லாமல் ஓடி முடிவதைக் கண்டால்தான் முதல் வரியிலிருந்து திரும்பப் பார்க்கத் தொடங்குவேன். அன்றைக்கு உம்மாவின் வாயை அடைத்த என் வாயை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் அதே மாதிரி ஒரு வேலைக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். வயதெல்லை முப்பத்தைந்து. பத்திரிகையை என் மேசையில் வைத்து, முடிவுத் திகதியில் தனக்கு எத்தனை வயது என்று பார்க்கச் சொன்னாள் ராத்தா. கம்பியூட்டரில் பார்த்தேன். கடதாசியில் எழுதிப் பார்த்தேன். உம்மாவைக் கூப்பிட்டு விரல்விட்டு எண்ணவும் சொன்னேன். எல்லாம் ஒன்றாகவே வந்தன: எல்லையைத் தாண்டி இரண்டு மாதம்.

“சரியாத்தானே புள்ள பார்த்த?”

“ஓம் ராத்தா,” என்றேன். “இந்த முறை சரி.”